மூணேகால் பிளேன்

குவைத்திலிருந்து வந்த விமானம்
என் வீட்டுக்கு மேலாகத்தான் போனது.
இருட்டில் வள்ளங்களின் விளக்குகள்
முறத்திலிருந்து சிந்திய பொரிபோலக் கிடந்தன.
கோயில் கோபுரத்தில் சிவப்பு லைட்டு.
அதற்கு வடக்கே நாலாவது கூரை எங்களுடையது.
கண்ணாடியில் நெற்றியை ஒட்டி
ஒண்ணு, ரெண்டு என்று எண்ணுவதற்குள்
கூரைகள் எல்லாம் பின்னால் போயின.
மணி மூணு இருபது.
அந்த நிமிஷம் கதவைத் திறந்து விட்டிருந்தால்
சீக்கிரமே போய்ச் சேர்ந்திருப்பேன்.

எங்கள் மாவட்டத்துக்கு விமானநிலையம் கிடையாது.
எங்களுடையது இன்னொரு மாநிலத்தில் இருக்கிறது.
அதனால் வீட்டைத் தாண்டிப் போய் இறங்கி
வீட்டைத் தேடித் திரும்பி வரவேண்டும்.

முத்திரை குத்துகிறவர்
முகத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.
படத்தில் இருந்தவளுக்குக் கன்னம் இருந்தது.

பட்டையில் பெட்டிகள் சுற்றி வந்தன.
என்னுடையது நைலான் கயிறு கட்டின அட்டைப்பெட்டி.
மேடத்தின் பத்து வயது மகள்
என் போனைப் பார்த்துப் பார்த்து
படம் வரைவதுபோல எழுதித் தந்த விலாசம்:
சகாய ஷீபா, இணயம்.
ஒரு சுழி கூடிப்போயிருந்தது.
அடிக்க மனசு வரவில்லை.

வெளியே பெயர் எழுதின அட்டைகளோடு ஆட்கள்.
என் பெயர் எதிலும் இல்லை.
வருவதை நான் யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னால் ரெண்டு வண்டி வரும்,
பதினெட்டுப் பேர்,
திரும்புகிற வழியில் அத்தனை பேருக்கும்
பொரோட்டாவும் பீஃபும் என் கணக்கில்.

டாக்ஸி கவுண்டரில் ‘எவிடேக்கா?’ என்றார்கள்.
சொன்னேன்.
தமிழ்நாடு, பெர்மிட், ராத்திரி ரேட்டு என்று
விரல் மடக்கி நாலாயிரத்தில் நிறுத்தினார்.
பர்ஸில் அஞ்சு தினார்,
ரெண்டு நூறு ரூபாய்த் தாள்.
காசு மாற்றுகிற கண்ணாடிக் கூண்டுக்குள்
ஒருவர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கினார்.

சாக்கையிலிருந்து தம்பானூருக்கு ஆட்டோ, நூற்றைம்பது.
தம்பானூரிலிருந்து களியிக்காவிளைக்கு பஸ், நாற்பத்தேழு.
பாறசாலை தாண்டியதும்
கடைப் பலகைகளில் எழுத்து வளைவு மாறத் தொடங்கியது.
கையில் மிச்சம் மூணு ரூபாய்.
அதற்குச் சாயாகூடக் கிடைக்காது,
எந்த மொழியில் கேட்டாலும்.

எட்டரைக்குப் புதுக்கடை வழி இனயம் பஸ்.
‘பொம்பிளைகளுக்குக் காசில்லை’ என்றார் கண்டக்டர்.
போனில் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன்,
நம்பியதில்லை.
பூஜ்யம் போட்ட சீட்டைக் கிழித்துத் தந்துவிட்டு
காலால் பெட்டியைத் தட்டினார்.
‘இதுக்கு இருபது.’
‘உள்ள இருக்கியது முழுக்க
பொம்பிளைகளுக்குள்ள சாமான்தான் அண்ணே.’
‘பெட்டி ஆம்பிளையாக்கும்’ என்றார்.
பஸ் முழுக்கச் சிரித்தது.
நானும் சிரித்தேன்,
சிரித்தபடியே மூணு ரூபாயை எண்ணிக்கொண்டு.

பக்கத்தில், காலி மீன்சட்டியை
மடியில் கவிழ்த்து வைத்திருந்த அக்கா
முந்தியை அவிழ்த்தாள்.
செதில் ஒட்டின இருபது ரூபாய்.
முள்ளூர்த்துறை, பனிமேரி என்றாள், நான் கேட்காமலே.
தினாரை நீட்டினேன்.
திருப்பிப் பார்த்துவிட்டு
‘இதுக்கு எந்தச் சந்தையில மீனு தருவான்?’ என்று
என் மடியிலேயே போட்டாள்.

‘எந்த பிளேனுல வந்தே?’
‘குவைத், அக்கா.’
‘மூணேகாலா!’
சட்டியில் தாளம் போட்டாள்.
‘மகன் அலாரம் வாங்கித் தாறேன்னான்,
வேண்டாம்னுட்டேன்.
அது தலைக்கு மேல இரையும்போ எழும்புவேன்.
முகம் கழுவி, துறைமுகம் போவ சரியா இருக்கும்.
ஞாயித்துக்கெழமையும் வந்து தொலையும்,
அதுதான் சங்கடம்.’

ஜன்னல் வழியாகப் பாக்கைத் துப்பிவிட்டு
என் பக்கம் திரும்பினாள்.
‘இண்ணைக்கு அஞ்சு நிமிஷம் லேட்டு, கேட்டியா?
நல்ல சாளை எல்லாம்
எனக்கு முன்னால ஏலம் போச்சு.’

விமானத்தில் எல்லார் சார்பிலும்
மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.